மாற்ற முடியாததை முதலில் பாருங்கள்

(பொது நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நூலகர் என்னைப் பேச அழைத்தபோது "கணினியும் கல்வியும்" என்று கம்பீரமாக ஒரு தலைப்பு சொன்னார். அதைப் பேச இந்த ஊரில் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். நான் லேப்டாப் பழுது பார்க்கிறவன். செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்குவது எப்படி என்று மட்டும் பேசுகிறேன் என்றேன், சரியென்று விட்டுவிட்டார். கவுன்சலிங் முடிந்து கல்லூரி திறக்கும் மாதங்களில் என் மேசைக்கு நிறையப் பழைய மெஷின்கள் வரும். வாங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அவை வாங்கிய பிறகு கெட்டவையாக இருப்பதில்லை; வாங்கும்போதே அந்த நிலைமையில்தான் இருந்திருக்கும். கடையில் கூடுதலாக அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

கடைக்குப் போகிறவர்கள் கேட்கிற கேள்விகள் எனக்கு மனப்பாடம். "ரேம் எவ்வளவு? எஸ்எஸ்டி எவ்வளவு? பேட்டரி எத்தனை மணி நேரம் நிக்கும்? பாடியில கீறல் இருக்கா?" கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் நாலுமே பணம் கொடுத்தால் தீர்ந்துவிடும் சமாசாரம். பெரும்பாலான மெஷின்களில் ரேமைக் கூட்டலாம், எஸ்எஸ்டியை மாற்றலாம், பேட்டரி புதிதாகப் போடலாம். கீறலுக்கு ஸ்டிக்கர் ஒட்டலாம். கடைக்காரர் ஏற்கெனவே ஒட்டித்தான் வைத்திருப்பார். மாற்ற முடியாதவை வேறே இருக்கின்றன. மதர்போர்டு, அதன்மேல் பற்றவைத்திருக்கும் பிராசஸர், பயாஸ் (மெஷின் எழும்போது முதலில் ஓடும் மென்பொருள்) பூட்டு, பழைய சொந்தக்காரரின் பெயரில் இன்னும் நீடிக்கும் பதிவு. இவற்றில் கோளாறு இருந்தால் சரிசெய்யவே முடியாது, அல்லது சரிசெய்யும் செலவில் இன்னொரு லேப்டாப் வாங்கிவிடலாம்.

அதனால் இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பார்க்கிற வரிசையை மாற்றுங்கள். மாற்ற முடியாததை முதலில் பாருங்கள். அதில் குறை இருந்தால் விலையே பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். மாற்ற முடிந்ததில் குறை இருந்தால் அதைக் காட்டி விலையைக் குறையுங்கள்.

இந்தப் பழைய மெஷின்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னை அண்ணா சாலையை ஒட்டியிருக்கும் ரிச்சி தெரு பலருக்கும் தெரிந்திருக்கும். நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை எல்லாவற்றையும் சேர்த்து ஜனங்கள் ரிச்சி ஸ்ட்ரீட் என்றே சொல்கிறார்கள். அங்கே செகண்ட் ஹேண்ட் கடைகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது டெல் லாட்டிட்யூட், எச்பி எலைட்புக், லெனோவோ திங்க்பேட். மூன்றும் கம்பெனிகளுக்கென்று செய்யப்பட்ட வரிசைகள். பெரிய நிறுவனங்கள் இவற்றை மூன்று, நான்கு ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, காலம் முடிந்ததும் மொத்தமாகக் கழித்துவிடும். அவை மூட்டை மூட்டையாக வியாபாரிகளிடம் வந்து, துடைக்கப்பட்டு, ஏ கிரேடு, பி கிரேடு என்று பிரிக்கப்பட்டு, ரிஃபர்பிஷ்டு என்ற பெயரோடு கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறும்.

இதில் தவறு எதுவும் கிடையாது. சொல்லப்போனால் கடையில் புதிதாகக் கிடைக்கும் ஆக மலிவான லேப்டாப்பைவிட நாலு வருடம் ஆபீசில் உழைத்த லாட்டிட்யூடைத்தான் நான் சிபாரிசு செய்வேன். கம்பெனி மாடல்களைக் கழற்றிப் பூட்டுவது சுலபம், உதிரிபாகம் கிடைக்கும், கீல் உறுதியாக இருக்கும். திங்க்பேட் 1992இல் ஐபிஎம் கொண்டுவந்தது; 2005இல் அந்தத் தொழிலையே லெனோவோ வாங்கிக்கொண்டது. அதன் கீபோர்டு நடுவில் இருக்கும் சிவப்புப் பொட்டு இன்றைக்கும் போகவில்லை. சிலருக்கு அந்தப் பொட்டுக்காகவே அந்த மெஷின் வேண்டும். அவர்களோடு வாதாடிப் பயனில்லை.

பொருளாதாரம் படிக்கும் பிள்ளைகள் இங்கே இருந்தால் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். 1970இல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமான ஆய்வில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அவர் சொன்னது இதுதான். விற்கிறவனுக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. தெரியாததால் அவன் எல்லா வண்டிக்கும் நடுத்தர விலைதான் கொடுப்பான். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவன் விற்க மாட்டான். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது மட்டமான வண்டிகள்தான். லேப்டாப் சந்தைக்கும் இது அப்படியே பொருந்தும். ஆனால் நமக்கு ஒரு வசதி உண்டு. காரைப் போல இல்லாமல், லேப்டாப் தன்னைப் பற்றிய பல கணக்குகளைத் தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறது. விற்கிறவர் சொல்லாததை மெஷினிடமே கேட்டுவிடலாம்.

பூட்டிலிருந்து தொடங்குவோம்.

என்னிடம் வந்த ஒரு மெஷினைச் சொல்கிறேன். முதலாமாண்டு மாணவர் ஒருவர் வாங்கிய லேப்டாப். பளபளவென்று இருந்தது, மூன்று வாரம் நன்றாக ஓடியிருக்கிறது. ஏதோ வைரஸ் சந்தேகம் வந்து, அவரே ரீசெட் போட்டிருக்கிறார். திரும்ப எழுந்து வைஃபை இணைப்புக் கேட்டது, கொடுத்தார். அடுத்த திரையில் கடல் கடந்த ஒரு நிறுவனத்தின் பெயர் பெரிதாக வந்து, "உங்கள் அலுவலக மின்னஞ்சலை இடுங்கள்" என்றது. அதற்குமேல் நகரவில்லை. எத்தனை தடவை அழித்துப் போட்டாலும் அதே திரை.

இது விண்டோஸ் ஆட்டோபைலட் என்ற ஏற்பாடு. நிறுவனங்கள் தங்கள் மெஷினின் வன்பொருள் அடையாளத்தை மைக்ரோசாஃப்டிடம் பதிந்து வைக்கின்றன. பதிவு மெஷினுக்குள் இல்லை, மைக்ரோசாஃப்டின் சர்வரில் இருக்கிறது. அதனால் டிஸ்க்கை மாற்றினாலும் அது போகாது. பதிந்த நிறுவனம் மனது வைத்து நீக்கினால்தான் உண்டு. கடைக்காரர் இணைய இணைப்பு இல்லாமல் விண்டோஸ் ஏற்றி, ஒரு லோக்கல் கணக்கு போட்டு வைத்திருந்தால், வாங்கும் நேரத்தில் இது வெளியே தெரியாது. ஆகவே வாங்குமுன் உங்கள் கண் முன்னால் ரீசெட் போடச் சொல்லுங்கள். முடிந்ததும் உங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, டெஸ்க்டாப் வரும்வரை கொண்டு போங்கள். நேரம் பிடிக்கும்தான், உட்கார்ந்திருங்கள். "அதெல்லாம் வேணாம் சார், நான் கேரண்டி" என்கிறவரிடம் அந்த மெஷினை வாங்காதீர்கள்.

அடுத்தது பயாஸ் பாஸ்வேர்டு. மெஷினை ஆன் செய்தவுடன் டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1 அழுத்தினால் பயாஸ் திரை வரும். பாஸ்வேர்டு கேட்டால் விஷயம் அங்கேயே முடிந்தது. கேட்காவிட்டாலும் திருப்திப்படாதீர்கள். சில மெஷின்கள் உள்ளே விட்டுவிட்டு, பார்க்க மட்டும் அனுமதிக்கும், மாற்ற விடாது. பூட் வரிசையில் ஒன்றை மேலே தூக்கிப் போட்டு, சேமித்து, திரும்ப வந்து பாருங்கள். மாறியிருந்தால் சரி. திங்க்பேடில் செக்யூரிட்டி பக்கத்தில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு என்றொரு வரி இருக்கும். அது அணைந்திருக்க வேண்டும். அந்தப் பாஸ்வேர்டை மறந்துவிட்டால் மதர்போர்டை மாற்றுவதுதான் வழி என்று லெனோவோவே சொல்கிறது.

அதே செக்யூரிட்டி பக்கத்தில் கம்ப்யூட்ரேஸ் அல்லது அப்சல்யூட் என்ற பெயரும் கண்ணில் படலாம். தொலைந்த லேப்டாப்பைத் தூரத்திலிருந்தே தேடவும் முடக்கவும் கம்பெனிகள் வைத்துக்கொள்ளும் சேவை. பயாஸுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் விண்டோஸைத் துடைத்தாலும் திரும்ப முளைக்கும். அது ஆக்டிவேட் ஆன நிலையில் இருந்தால், பழைய சொந்தக்காரரின் கை இன்னும் அதன்மேல் இருக்கிறது என்று பொருள்.

ஆப்பிள் மேக்புக் வாங்குகிறவர்களுக்கு இதே சங்கடம் இரண்டு பெயர்களில் வரும். டி2 சிப் உள்ள மேக்குகளிலும், 2020இல் வந்த எம்1 தொடங்கிய மேக்குகளிலும் ஆக்டிவேஷன் லாக் உண்டு. விற்கிறவர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, முழுவதும் அழித்து, புதிதாக எழுப்பிக் காட்ட வேண்டும். எழும்போது ரிமோட் மேனேஜ்மென்ட் என்று ஒரு திரை வந்து ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொன்னால், அது ஆபீஸ் மெஷின், இன்னும் விடுவிக்கப்படவில்லை. எம்1 மேக்புக் ஏரில் ரேமும் ஸ்டோரேஜும் போர்டிலேயே பற்றவைத்தவை. பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2015 முதல் 2019 வரை வந்த பல மேக்புக்குகளில் பட்டர்ஃபிளை என்ற கீபோர்டு இருந்தது. ஒரு தூசி போனாலே எழுத்து இரண்டு தடவை விழும், அல்லது விழாது. அதற்காக அமெரிக்காவில் வழக்கு நடந்து, 2022இல் ஆப்பிள் 5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அந்தக் கால மேக்புக்கை யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பேன்.

மெஷின் யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணையும் பயாஸில் தெரியும் எண்ணையும் ஒப்பிடுங்கள். டெல்லில் அதற்கு சர்வீஸ் டேக் என்று பெயர், ஏழு எழுத்து. இரண்டும் வேறாக இருந்தால் அடிமூடி மாறியிருக்கலாம், போர்டே மாறியிருக்கலாம். எப்படியும் கடைக்காரர் பதில் சொல்லியாக வேண்டிய விஷயம். அந்த எண்ணை டெல், லெனோவோ, எச்பி தளங்களில் போட்டால் வாரண்டி எப்போது தொடங்கியது என்று வரும். "ரெண்டு வருஷம்தான் ஆச்சு" என்ற பேச்சு உண்மையா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். தனிநபரிடம் வாங்கினால் அவர் வாங்கிய பில்லைக் கேளுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற முறையில் அதை வாங்குவது குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 411ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 317ஆம் பிரிவு. மூன்று ஆண்டு வரை சிறைக்கு இடம் உண்டு. பாதி விலைக்கு, பில் இல்லாமல், சார்ஜர் இல்லாமல், பஸ் நிலையத்தில் வைத்து விற்கிறார் என்றால் நம்பக் காரணம் இருந்தது என்றே போலீஸ் சொல்லும். நம் மாநில அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்புகளும் சில சமயம் விலைக்கு வரும். அது ஒரு பிள்ளை படிக்கக் கொடுத்தது. அதை வாங்கி விற்கும் வேலைக்கு நீங்கள் துணை போக வேண்டாம்.

பூட்டு இல்லை, ஆள் சரி என்றால், இனி வயது. மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும், தரகர் என்ன வயது சொன்னாலும் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சு. ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். லேப்டாப்புக்குப் பல் அதன் பிராசஸர் எண். ஐ5, ஐ7 என்பதை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். இன்டெல் என்றால் அதற்கு அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-6300யு என்றால் ஆறாம் தலைமுறை. ஐ5-8250யு எட்டாம் தலைமுறை. ஐ5-10210யு பத்தாம் தலைமுறை. ஏழாம் தலைமுறை ஐ7-7600யுவில் இருப்பது இரண்டே கோர். எட்டாம் தலைமுறை ஐ5-8250யுவில் நான்கு கோர். ஐ7 என்ற ஸ்டிக்கருக்காகக் கூடுதலாகப் பணம் கொடுத்து இளைத்த மெஷினை எடுத்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்டிக்கரையே நம்பாதீர்கள், அது தனியாக விலைக்குக் கிடைக்கும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் பிராசஸரின் முழுப் பெயரும் கோர் எண்ணிக்கையும் இருக்கும்.

எட்டாம் தலைமுறைக்கு இப்போது இன்னொரு முக்கியத்துவம் உண்டு. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு, ஒன்றிரண்டு விலக்குகள் தவிர, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும்தான் தகுதி; பாதுகாப்புக்கான டிபிஎம் 2.0 சிப்பும் வேண்டும். ஆறு, ஏழு தலைமுறை மெஷின்கள் இப்போது மலிவாகக் கொட்டிக் கிடப்பதற்கு இதுவே காரணம். லினக்ஸ் போட்டு ஓட்டத் தெரிந்த பிள்ளைக்கு அது லாபம். தெரியாதவருக்கு எட்டுக்குக் கீழே வேண்டாம். சுற்றுவழியில் விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுக்கிறேன் என்பார்கள். ஏறும், ஓடும், ஆனால் தகுதியில்லாத மெஷினுக்கு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்லவில்லை.

போர்டைச் சோதிக்க நம்மிடம் கருவி கிடையாது, ஆனால் கண்ணும் காதும் இருக்கின்றன. கவிழ்த்துப் போட்டு ஸ்க்ரூக்களைப் பாருங்கள். ஒன்றிரண்டு காணாமல் போயிருந்தால், தலை மழுங்கியிருந்தால், உள்ளே கை வைத்திருக்கிறார்கள். நயமாகக் கேட்டால் கடைக்காரரே அடிமூடியைக் கழற்றிக் காட்டுவார். திறந்ததும் நீர்க் கறை, பச்சை பூத்த உலோகம், ஒரு சிப்பைச் சுற்றி மட்டும் பழுப்பு நிறப் பசை போலப் படிந்திருப்பது, இவை தெரிகின்றனவா என்று பாருங்கள். அந்தப் பழுப்பு, பற்றவைப்புக்குப் போடும் ஃபிளக்ஸ். சுத்தம் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். டீ கொட்டிய போர்டு ஆறு மாதம் ஓடும், ஏழாவது மாதம் நிற்கும். யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பிறகு யூடியூபில் ஒரு வீடியோவை முழுத் திரையில் அரை மணி ஓடவிட்டு, விசிறிச் சத்தத்தையும் அடிப்பாகச் சூட்டையும் கவனியுங்கள். ஓடிக்கொண்டே அணைந்தால் எழுந்து வாருங்கள்.

ஒவ்வொரு துவாரத்திலும் ஏதாவது செருகிப் பார்க்க ஒரு பென்டிரைவ், ஒரு இயர்ஃபோன் எடுத்துப் போங்கள். டைப்-சி வழியாக சார்ஜ் ஆகும் மெஷின் என்றால், ஒயரைச் செருகிய நிலையில் லேசாக ஆட்டிப் பாருங்கள். சார்ஜிங் விட்டுவிட்டு வந்தால் பின் தளர்ந்திருக்கிறது. 2017 முதல் 2019 வரை வந்த திங்க்பேட் மாடல்கள் பலவற்றில் தண்டர்போல்ட் சிப்பின் மென்பொருளில் ஒரு பிழை இருந்தது. அப்டேட் போடாமல் விட்டால் நாளடைவில் அந்த டைப்-சி துவாரமே செத்துப்போகும். லெனோவோ அதற்கு அப்டேட் கொடுத்துவிட்டது. டி480 போன்ற மாடல் வாங்குகிறவர்கள் அதைப் போட்டாயிற்றா என்று கேளுங்கள். கேட்ட மாத்திரத்தில் கடைக்காரர் உங்களை வேறு மரியாதையோடு பார்ப்பார். டெல்லில் இன்னொன்று. வட்டப் பின் வைத்த டெல் சார்ஜரின் நடுவில் ஊசி போல ஒரு கம்பி இருக்கும். அது வழியாகத்தான் சார்ஜர் தன்னை யார் என்று மெஷினிடம் சொல்லிக்கொள்ளும். டூப்ளிகேட் சார்ஜராக இருந்தாலோ அந்த ஊசி உடைந்திருந்தாலோ மெஷின் ஓடும், பேட்டரி ஏறாது, வேகமும் குறையும். அதே குறை போர்டில் இருந்தாலும் அறிகுறி இதுதான். எனவே இன்னொரு சார்ஜரையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

திரைக்கு வருவோம். டெல் லேப்டாப்பில் எனக்குப் பிடித்த ஒரு வசதி உண்டு. டி எழுத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே பவர் பொத்தானை அழுத்தினால், விண்டோஸுக்குப் போகாமலேயே திரை முழுக்கச் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று நிறங்கள் மாறி மாறி வரும். வெள்ளையில் கறுப்புப் புள்ளியும், கறுப்பில் வெள்ளைப் புள்ளியும் தேடுங்கள். மற்ற மெஷின்களில் இதே நிறங்களைப் படமாகப் பென்டிரைவில் கொண்டுபோய்ப் போடலாம். கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் மங்கலான திரைகூட நன்றாகத் தெரியும். வாசலுக்கு எடுத்து வந்து பாருங்கள். திரையை மெதுவாக மூடித் திறந்து, கோடு வருகிறதா, மினுக்குகிறதா, கீல் பக்கத்தில் பிளாஸ்டிக் கிழிகிற சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். கீபோர்டில் ஒரு எழுத்துகூட விடாமல் தட்டிவிடுங்கள், அவ்வளவுதான்.

மாற்ற முடிந்தவற்றில் பேட்டரிக்குத்தான் பேரம் அதிகம். கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ஆங்கிலத்தில் பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி மூன்று எழுத்தையும் ஒட்டி எழுதி, ஓர் இடம் விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, பேட்டரி ரிப்போர்ட் என்பதை ஒரே சொல்லாகத் தட்டி என்டர் கொடுங்கள். ஒரு கோப்பு உருவாகி, எங்கே சேமிக்கப்பட்டது என்று அங்கேயே வரி வரும். அதைத் திறந்தால் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண்கள். முன்னது புதிதாக இருந்தபோது பிடித்த அளவு, பின்னது இன்றைக்குப் பிடிக்கும் அளவு. முன்னது 50,000, பின்னது 31,000 என்றால் பேட்டரியில் 62 சதவீதம் உயிர் மிச்சம். "சார் பேக்கப் நாலு மணி நேரம்" என்ற பேச்சுக்கு அப்புறம் இடமில்லை. சைக்கிள் கணக்கு, அதாவது எத்தனை முறை சார்ஜ் ஏறி இறங்கியது என்ற எண், மிகக் குறைவாகக் காட்டினால் பேட்டரி புதிதாக மாட்டியது; பக்கத்திலேயே தயாரித்தவர் பெயரும் இருக்கும், அதையும் பாருங்கள். ஒயரைப் பிடுங்கிவிட்டு இருபது நிமிடம் ஓட்டுங்கள். நாற்பது சதவீதத்திலிருந்து திடீரென்று பத்துக்கு விழுந்தால் ரிப்போர்ட் என்ன சொன்னாலும் பேட்டரி போய்விட்டது. டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருந்தாலோ, அழுத்தினால் கிளிக் விழாவிட்டாலோ, மேசையில் வைத்தால் மெஷின் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அது தீப்பிடிக்கக்கூடியது. அமுக்கிப் பார்க்காதீர்கள், மாற்றிக் கொடுத்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

டிஸ்க்குக்கு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். எத்தனை மணி நேரம் ஓடியது என்று அது சொல்லும். ஆபீசில் நாளைக்கு எட்டு மணி நேரம், வருடத்துக்கு 250 நாள், நாலு வருடம் என்றால் 8,000 மணி நேரம். அந்த அளவில் இருந்தால் கதை பொருந்துகிறது. 30,000 என்று காட்டினால் இரவு பகலாக மூன்று வருடத்துக்கு மேல் எங்கேயோ ஓடியிருக்கிறது. ரேமை எளிதாகக் கூட்டலாம் என்றேன், ஆனால் மெல்லிய மாடல்களில் அது பற்றவைத்ததாக இருக்கும். திங்க்பேட் டி480இல் இரண்டு ரேம் துவாரம். அடுத்து வந்த டி490இல் ஒன்று பற்றவைத்தது, ஒன்று துவாரம். எக்ஸ்1 கார்பனில் எல்லாமே பற்றவைத்தது. வாங்கும் மாடலுக்கு எது என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

விண்டோஸ் ஒரிஜினலா என்பது பலர் கேட்காத கேள்வி. 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, விண்டோஸோடு விற்கப்பட்ட கம்பெனி மெஷின்களில் லைசென்ஸ் எண் போர்டிலேயே பதிந்திருக்கும். சுத்தமாக ஏற்றினால் தானாக ஆக்டிவேட் ஆகும். ஆகவில்லை, கடைக்காரர் ஏதோ மென்பொருளை ஓட்டி ஆக்டிவேட் செய்தார் என்றால் அது கிராக். அதனோடு வேறு என்னென்ன உள்ளே வந்தது என்று அவருக்கும் தெரியாது. அந்த மெஷினில் உங்கள் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். எதை வாங்கினாலும் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிச் சுத்தமாக விண்டோஸ் ஏற்றுவது.

இவ்வளவும் பார்த்தால் கடைக்காரர் விரட்டிவிட மாட்டாரா என்று ஒரு அம்மா முன்வரிசையிலிருந்து கேட்கிறார். நல்ல கடைக்காரர் விரட்ட மாட்டார். சாயங்காலக் கூட்டத்தில் போகாதீர்கள். வார நாளில் காலையில், கடை திறந்த சூட்டோடு போங்கள். "அண்ணே, பையன் காலேஜுக்கு. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துட்டு எடுத்துக்குறேன், புடிச்சிருந்தா இன்னைக்கே காசு" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பெரும்பாலும் நாற்காலி போட்டுக் கொடுப்பார்கள். ரிச்சி தெருவில் டெஸ்டிங் வாரண்டி என்றொரு வழக்கம் உண்டு. குறிப்பிட்ட சில நாட்களுக்குள் கோளாறு வந்தால் மாற்றிக் கொடுப்பது. வாய்ச் சொல்லாக விடாமல், எத்தனை நாள், எந்தெந்தப் பாகத்துக்கு, பணம் திரும்பக் கிடைக்குமா அல்லது வேறு பீஸ் மட்டும்தானா என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். சீரியல் எண்ணும் பில்லில் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி பில் என்றால் கொஞ்சம் கூடும் என்பார்கள். கூடட்டும், அதை வாங்குங்கள்.

முடிக்குமுன் வாங்குகிறவர்களை விட்டுவிட்டு, இங்கே ஆபீசில் வேலை பார்க்கிற சிலரிடம் ஒரு கோரிக்கை. உங்கள் நிறுவனம் பழைய லேப்டாப்புகளைக் கழிக்கும்போது டிஸ்க்கை அழிப்பதில் மட்டும் கவனமாக இருக்கிறது. பயாஸ் பாஸ்வேர்டை எடுக்க மறந்துவிடுகிறது. ஆட்டோபைலட் பதிவையும் ஆப்பிள் பதிவையும் நீக்காமலேயே லாரியில் ஏற்றிவிடுகிறது. அந்த மெஷின் எங்கேயோ ஒரு பிள்ளை கையில் போய், ஒரு நாள் பூட்டிக்கொண்டு, குறை ஏதும் இல்லாமலேயே மின்கழிவாகிவிடுகிறது. சொத்துப் பட்டியலில் இருந்து ஒரு எண்ணை அடிக்கும் அதே நாளில், அந்த எண்ணை இந்த இரண்டு இடங்களிலிருந்தும் எடுத்துவிட ஐடி பிரிவில் ஒருவருக்குச் சில நிமிட வேலைதான். நாளைக்கு ஆபீஸ் போனதும் அவர்களிடம் கேளுங்கள்.